இருநூற்றுத் தொண்ணூறு முறை நலம்

என் அம்மா ஒரு நீர்யானையைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த ஒரு வரியைக் கூச்சமில்லாமல் எழுத எனக்கு மூன்று வருடப் பட்டப்படிப்பும் அதற்குமேல் ஒரு வருடமும் ஆயின. கல்லூரியில் யாராவது “உங்கம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டால் “அரசாங்க வேலை” என்பேன். அது பொய்யில்லை. மிருகக்காட்சி சாலை அரசாங்கத்துடையதுதான். “எந்த டிபார்ட்மென்ட்?” என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் பேச்சை மாற்றுவதுதான்.

அப்பா அதே இடத்தில் தீனி வண்டி ஓட்டினார். எனக்குப் பதினொரு வயதானபோது அவர் இறந்துபோனார். அந்த வேலை எட்டாவது வரை படித்திருந்த அம்மாவுக்கு வந்தது. வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் குரங்குக் கூண்டுகளைக் கழுவினாள். பிறகு, யாரும் போக விரும்பாத நீர்யானைப் பக்கம் அனுப்பினார்கள்.

ஏன் யாரும் போக விரும்பவில்லை என்பது முதல் நாளே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நீர்யானை சாணி போடும்போது வாலை விசிறி மாதிரி இரண்டு பக்கமும் ஆட்டும். சுவர், கம்பி, பக்கத்தில் நிற்கும் ஆள் என்று எதையும் விட்டுவைக்காது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தாள். “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, மேடம் எனக்கு வரவேற்பு குடுத்தாங்க” என்றாள்.

அந்த நீர்யானையை அங்கே எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். காலை பத்து மணிக்கு முன்னால் குளத்தைவிட்டு வெளியே வராததால் வந்த பட்டம் அது. “மேடம் வந்தாச்சா?” “இன்னும் இல்ல, பத்தாகட்டும்.” இப்படி மரியாதையாகவே பேசிக்கொள்வார்கள். அம்மாவும் அப்படித்தான். கோபம் வந்தாலோ பாசம் வந்தாலோ மட்டும் ‘அவ’ என்பாள்.

ஒன்றரை டன் எடையுள்ள மேடத்துக்கும் ஐம்பது கிலோகூட இல்லாத அம்மாவுக்கும் நடுவில் எப்போதும் இரும்புக் கம்பிகள் உண்டு. ஆறு மணிக்கு வேலை தொடங்கும். தீனி அறையில் புல்லைப் பிரித்து உதறி, அதில் பிளாஸ்டிக், கம்பி ஏதாவது இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்ப்பாள். கோஸை முழுசாகவே வைப்பாள். கேரட்டின் நுனியை நறுக்குவாள். தவிட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசைவாள். பத்து மணிக்கு மேடம் வெளியே வந்து கம்பியருகில் நின்று வாயைத் திறந்தால் ஒரு கோஸை உள்ளே போடுவாள். அது அவர்கள் இருவரின் காலை வணக்கம். பிறகு தொட்டியில் மற்றதெல்லாம். மேடம் சாப்பிடும்போது குளத்துக்குப் போகும் கதவைப் பூட்டிவிட்டு, குளத்தை வடித்துத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுவாள். பத்து வருடமாக இதேதான். சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும். ஒருமுறை அதே பஸ்ஸில் கல்லூரித் தோழிகளோடு ஏறிய நான், அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முன்பக்கம் போய் நின்றேன். அவளும் என்னைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.

தினமும் நான்கு மணிக்குப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அம்மா எழுதுவது ஏறக்குறைய எப்போதும் இதுதான்: ‘நீர்யானை பத்து மணிக்குக் குளம் விட்டு வந்தது. புல், கோஸ், தவிடு, கேரட் தின்றது. குளம் கழுவி நீர் மாற்றினேன். நலம்.’

இந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா ஒருநாள் ‘தவிடு தின்னவில்லை’ என்று எழுதிவிட்டாள். அப்போதிருந்த ஹெட் கிளார்க் கூப்பிட்டனுப்பினார். “ஏம்மா, தின்னலன்னு எழுதினா மிச்சத் தீனிக்கு விளக்கம் கேப்பாங்க. மூணு காப்பி போட்டு நான் அனுப்பணும். உனக்குப் புண்ணியமாப் போகும், தின்னத மட்டும் எழுது. தின்னாதத எழுதாத.” அந்த ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் சொன்ன முறையை மட்டும் அம்மா விடவேயில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து ஒரு வருடமாகியும் வேலை கிடைக்காததால், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு வாரம் மூன்று நாள் நடந்த ஓர் இலவச வகுப்பில் சேர்ந்திருந்தேன். பேட்டரி செத்துப்போன லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மூன்றாவது வாரத்தில் சார் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ப்ரோக்ராம் எழுத வேண்டும். வாக்கியத்தை இடைவெளி உள்ள இடமெல்லாம் வெட்டு. துண்டுகளை ஒவ்வொன்றாக எடு. ஏற்கெனவே பார்த்த சொல்லா, அதன் கணக்கில் ஒன்றைக் கூட்டு. புதுச் சொல்லா, ஒன்று என்று போட்டு வை. மொத்தம் ஆறு வரி. அந்த ஆறு வரிக்குள் ஏழு தப்பு செய்து, ஒருவழியாக ஓடவைத்தேன்.

அது ஒரு புதன்கிழமை சாயங்காலம். அம்மா வந்ததும், “ஒரு வாக்கியம் சொல்லும்மா” என்றேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசிக்காமல் சொன்னாள். “நீர்யானை பத்து மணிக்குக் குளம் விட்டு வந்தது…” நலம் வரைக்கும் சொல்லி முடித்தாள். நான் தட்டச்சு செய்து ஓட்டினேன்.

“என்ன சொல்லுது?”

“குளம் ரெண்டு. மத்ததெல்லாம் ஒண்ணு.”

“இத நானே வெரல விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேனே. இதுக்கா காலேஜு?” என்றாள். சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். “நேத்துலேர்ந்து மேடம் சாப்பிடலடி. வெளியவே வரல.”

வியாழக்கிழமையும் மேடம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மிருகக்காட்சி சாலை டாக்டர் குளத்தோரம் ஒரு மணிநேரம் நின்றார். அவர் அங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இளைஞர், நல்லவர், அவசரக்காரர். அவர் சந்தேகம் வயிற்றின் மேல் இருந்தது. வேடிக்கை பார்க்க வருபவர்கள் பந்து, பை என்று எதையாவது எறிவார்கள். அதை விழுங்கிக் குடல் அடைத்திருந்தால் ஒரே வழி மயக்க மருந்து கொடுத்துத் திறந்து பார்ப்பதுதான்.

“நீர்யானைக்கு மயக்கம் குடுக்கிறது ரொம்ப ஆபத்தும்மா. மருந்து ஏறும்போது தண்ணிக்குள்ள போய்ட்டா முடிஞ்சுது. ஆனா சும்மா விட்டாலும் போயிடும். திங்கக்கிழம காலைல பண்ணிடலாம்னு இருக்கேன். இதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?”

“இல்ல சார். எப்பவும் போலத்தான்.”

டாக்டர் பதிவேட்டை வாங்கி மளமளவென்று புரட்டினாராம். “இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. தினமும் ஒரே வாக்கியம். மொத நாள் எழுதினதயே வருஷம் பூரா காப்பி அடிச்ச மாதிரி இருக்கு.”

அம்மா அதை வீட்டில் வந்து சொன்னாள். பத்து வருடத்தில் முதல் முறையாக விதியை மீறிப் பதிவேட்டைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அங்கேயே வைத்துவிட்டு வர மனசு வரவில்லையாம். “காப்பி அடிச்சேனாம். பாத்தியா? தினமும் போய் நின்னு பாத்துட்டு வந்துதானே எழுதுறேன்.”

மேடம் குளத்திலேயே கிடந்ததால் தீனி வேலையும் குளம் கழுவும் வேலையும் இல்லை என்று சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினாள். “அப்படியேதான் கெடக்கா. மூக்க மட்டும் வெளிய வச்சுக்கிட்டு என்னையே பாக்குறா.” அதற்குப்பின் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மடித்த துணியைப் பிரித்து மடித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. சார் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது: ஒரு வாக்கியத்தோடு நிறுத்தாதீர்கள், நீளமான உரை ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள்.

“அம்மா, உன் பதிவேட்ட எடு. நீ வாசி, நான் அடிக்கிறேன். கம்ப்யூட்டர எண்ணச் சொல்லிப் பாக்கலாம்.”

அவளுக்குக் கைவேலை ஒன்று கொடுக்கத்தான் சொன்னேன் என்று எழுத ஆசை. பாதி அதுதான். மறுபாதி, எனக்கு வீட்டுப்பாடம் முடிய வேண்டும்.

பதிவேடு அந்த வருடத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. மேடம் சாப்பாட்டை நிறுத்திய நாளுக்கு முந்தின நாள்வரை இருநூற்றுத் தொண்ணூறு பக்கம். ஐந்து பக்கம் அடித்ததும் எனக்குச் சோம்பல் வந்துவிட்டது.

“எல்லாம் ஒண்ணுதானேம்மா. ஒரு நாள காப்பி பண்ணி இருநூத்தித் தொண்ணூறு தடவ ஒட்டிடறேன். மணிய மட்டும் நீ சொல்லு, மாத்திக்கிறேன்.”

அம்மா பதிவேட்டைப் பட்டென்று மூடினாள். “ஓ, நீயும் அந்த டாக்டரும் ஒரு கட்சியா? நான் இருநூத்தித் தொண்ணூறு நாள் போனேன். தனித்தனியாப் போனேன். காய்ச்சலோடகூடப் போனேன். நீ ஒரே நாள எடுத்து ஒட்டுவியா, பட்டதாரியம்மா?”

“சரி, வாசி” என்றேன்.

அவள் வாசித்தாள். நான் அடித்தேன். பத்து மணிக்கு, பத்தேகால் மணிக்கு, பத்து மணிக்கு, பத்தரை மணிக்கு. ஒரே வாசகம் ஆனதால் என் விரல்கள் சீக்கிரமே பழகிவிட்டன. நடுநடுவே அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு ஏதாவது சொல்வாள். “இன்னைக்குத்தான் நீ பட்டம் வாங்கின. ஹால்ல கடைசி வரிசைல உக்காந்திருந்தேன்.” அந்த நாளிலும் மேடம் புல், கோஸ், தவிடு, கேரட் தின்றிருந்தார். விடுமுறை கேட்டால் கிடைக்காது என்று பத்து மணிக்கு மேடம் தின்னும்வரை இருந்து பார்த்துவிட்டு வந்து, விழா முடிந்ததும் ஓடிப்போய்க் குளம் கழுவினாளாம். எனக்கு அது தெரியாது. அன்று அவள் தலைமுடி ஏன் ஈரமாக இருந்தது என்று நான் யோசித்தது மட்டும் நினைவிருக்கிறது. வாசனை தெரியாமலிருக்க அவசரமாகக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள்.

சாப்பிடும் நேரம் போக மாலை நாலரை வரை ஆயிற்று. ஓட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வருடத்தின் முக்கால் பங்கை நாங்கள் இரண்டு பேர் ஒரு பகல் முழுக்க வாசித்து அடித்தோம். அது ஒரு மூச்சுகூட விடாமல் எண்ணிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோல் திரையில் ஒரு கோட்டை மினுக்கிக்கொண்டு நின்றது.

நீர்யானை 290
பத்து 174
மணிக்குக் 290
குளம் 580
விட்டு 290
வந்தது. 290
புல், 290
கோஸ், 290
தவிடு, 259
கேரட் 259
தின்றது. 290
கழுவி 290
நீர் 290
மாற்றினேன். 290
நலம். 290
பத்தேகால் 88
பத்தரை 28
தவிடு 31

“அய்யே, தவிடு ரெண்டு எடத்துல வந்திருக்கு” என்றேன். என் ப்ரோக்ராம் இடைவெளியில் மட்டும்தான் வெட்டும். கமா ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளும். கமாவை எப்படி நீக்குவது என்று சார் இன்னும் சொல்லித்தரவில்லை. இருநூற்று ஐம்பத்தொன்பதும் முப்பத்தொன்றும் சேர்ந்தால் இருநூற்றுத் தொண்ணூறு வருகிறது, அதனால் பரவாயில்லை என்று மூடப்போனேன். மூடும்போதுதான் கேரட் கண்ணில் பட்டது. கேரட் இருநூற்று ஐம்பத்தொன்பதுதான். அதற்கு வேறெங்கும் மீதி இல்லை.

நான் அடிக்கும்போது முப்பத்தொரு இடத்தில் விட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் சோம்பேறி என்பது எனக்கே தெரியும். சரிபார்க்கப் பதிவேட்டைத் திறந்தேன். பதிவேட்டிலும் இல்லை. அம்மாவின் நீலமசிக் கையெழுத்தில் ‘புல், கோஸ், தவிடு தின்றது’ என்றிருந்தது. தவிடுதான் கடைசி என்பதால் அதற்குப்பின் கமா இல்லை. சரி, அம்மா எழுத மறந்திருக்கிறாள் என்று அடுத்து நினைத்தேன். நாங்கள் இருவருமே தப்புச் செய்யாமல் இருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வந்தது.

“அம்மா, இந்த நாள்ல கேரட் எழுத மறந்துட்டியா?”

அம்மா குனிந்து பார்த்தாள். “மறக்கல. தின்னிருக்காது.”

“தின்னலயா?”

“நடுவுல நடுவுல விடும்டி. பெருசா இருந்தா விடும். மூட் இல்லன்னா விடும். மேடமாச்சே. தின்னாதத எழுதக்கூடாதுல்ல, அதான் எழுதல.”

“எத்தன நாள் விட்டாங்கன்னு தெரியுமா?”

“எப்பவாவது ஒரு நாள்.”

“முப்பத்தொரு நாள்மா.”

அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். பகல் முழுக்க அந்த முப்பத்தொரு பக்கத்தையும் அவள்தான் வாய்விட்டு வாசித்தாள். நான்தான் கேட்டேன், அடித்தேன். வாசித்த வாய்க்கும் கேட்ட காதுக்கும் அடித்த விரலுக்கும் தெரியாமல் அது நடுவில் நழுவிப் போயிருக்கிறது. ஒட்டிவிடுகிறேன் என்று சொன்னேனே, அப்படிச் செய்திருந்தால் கேரட்டுக்கும் 290 என்றே வந்திருக்கும்.

எத்தனை என்று சொன்ன ப்ரோக்ராம் எப்போது என்று சொல்லாது. பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தோம். கேரட் இல்லாத பக்கத்திலெல்லாம் ஒரு துண்டு வைத்தோம். முடிந்ததும் அம்மா பதிவேட்டை மூடி நிமிர்த்திப் பிடித்தாள். முதல் நான்கு மாதம் ஓரத்தில் ஒன்றுமே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பிறகு ஒரு துண்டு. விரற்கடை தள்ளி இன்னொன்று. அப்புறம் கொஞ்சம் நெருக்கமாக, அப்புறம் இன்னும் நெருக்கமாக. கடைசிப் பக்கங்களில் துடைப்பக்கட்டை மாதிரி அடர்த்தியாக. ஒரு விலங்கின் வலி எட்டிப் பார்த்து, நெருங்கி, வந்து உட்கார்ந்துகொண்டது காகிதத்தின் ஓரத்தில் அப்படியே தெரிந்தது. நான் அதுவரை படித்த எந்தப் புத்தகமும் எனக்கு எதையும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மா முதல் துண்டு இருந்த பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்தாள். “இந்த வாரந்தான் குளத்து மதகுக் கம்பிய மாத்தினாங்க. புதுக் கம்பிய ரெண்டு நாள் விடாமக் கடிச்சுக்கிட்டு இருந்தா.” சட்டென்று நிமிர்ந்தாள். “வயிறு இல்லடி. வாய். கோஸ் வச்சா நசுங்கிடும். தவிடும் புல்லும் மெத்துனு இருக்கும். கேரட்தான் குத்தும்.”

பிறகு திரையில் ஒரு வரியை விரலால் தொட்டாள். நலம். 290. “அவளுக்கு வலிச்ச முப்பத்தொரு நாளும் நலம்னே எழுதியிருக்கேன், பாரு” என்றாள்.

ஞாயிறு காலை நானும் அவளோடு போனேன். அந்த இடத்துக்குள் நான் நுழைந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. டாக்டரின் வீடு வளாகத்துக்குள்ளேயே இருந்தது. பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவர், அம்மா நீட்டிய பதிவேட்டை வாங்கினார். திறக்கவில்லை. துண்டுகள் நீட்டியிருந்த ஓரத்தையே பார்த்தார். வாய் நுரையோடு அப்படியே நின்றார்.

“என்ன இது?”

“கேரட் தின்னாத நாள் சார்” என்றேன். “முப்பத்தொண்ணு.”

வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கவிழ்ந்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். அவசரக்காரர் அன்று அவசரப்படவில்லை. “அடைப்புன்னா திடீர்னு வரும். அஞ்சு மாசமா இப்படி மெல்ல மெல்ல வராது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார். “நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. நீங்க ஒரு நாள்கூடப் பொய் எழுதல.”

“பொய் எழுதல சார். உண்மையையும் முழுசா எழுதலயே.” அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “கேரட்ட வேக வச்சுக் குடுத்துப் பாக்கவா? தின்னா வாய்தான். தின்னலன்னா நாளைக்கு நீங்க பண்றதப் பண்ணுங்க.”

தீனி அறையில் பெரிய அண்டாவை ஏற்றினாள். ஏழரை மணிக்குக் கேரட் குழைந்துவிட்டது. ஆறவைத்து, கையால் பிசைந்து, தவிட்டோடு உருட்டித் தொட்டியில் வைத்தாள். இனி மேடம் வரவேண்டும். மேடம் வருவது பத்து மணிக்கு.

கம்பிக்கு இந்தப் பக்கம் மூவரும் நின்றோம். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் இரண்டு நாசித் துளைகள், இரண்டு கண்கள், அவ்வளவுதான் மேடம். பத்து ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பத்தரை. இருநூற்றுத் தொண்ணூறு நாளில் மேடம் இதற்குமேல் தாமதித்ததில்லை என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு எண்ணிக்கை தெரியாது. ஆனால் அவள் கை கம்பியை இறுக்கியதைப் பார்த்தபோது, அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது.

“வாடி” என்றாள் அம்மா, பக்கத்தில் நிற்பவரோடு பேசும் குரலில். “கேரட்டுதான். ஆனா குத்தாது. எனக்குத் தெரியாமப் போச்சு, வா.”

காது ஒன்று அசைந்தது. தண்ணீர் பிளந்தது. முதுகு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. நான் மறந்துபோயிருந்த அளவு அது. தண்ணீர் அருவியாக வழிய மேடம் படியேறி வந்தார். நிலம் அதிர்வது என் உள்ளங்காலில் தெரிந்தது. தொட்டியை முகர்ந்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு உதடுகள் உருண்டையை மெல்ல அள்ளின. இன்னொன்று. இன்னொன்று. தொட்டி காலியாகும்வரை.

“மேடம், ஆ” என்றாள் அம்மா.

அந்த வாய் திறந்தது. அதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. ஒரு வீட்டின் கதவு மேலும் கீழுமாகத் திறந்து, உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தால் எப்படி இருக்கும்? நீராவி மாதிரி மூச்சு வந்து முகத்தில் அடித்தது. என் முழங்கை நீளத்துக்குத் தந்தங்கள். அதன் முன்னால் என் அம்மா, ஐம்பது கிலோகூட இல்லாதவள், கம்பிக்குள் தலையைச் சாய்த்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். மேடம் வாயை மூடவில்லை. அவள் போதும் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

“வலது பக்கம் கீழ சார். உடஞ்சிருக்கு.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். கீழ்த் தந்தத்தின் நுனி உடைந்து கத்தி மாதிரி நின்றது. வாயை மூடும்போதெல்லாம் அது மேல் ஈறில் குத்திக் குழிப்புண் ஆகியிருந்தது. “கடவுளே” என்றார். பிறகு போனை எடுத்துத் திங்கட்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்ததையெல்லாம் நிறுத்தச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து, அம்மா ‘ஆ’ சொல்லும் நேரங்களில், டாக்டர் நீளக் கைப்பிடி போட்ட அரத்தால் அந்த நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினார். மருந்து கேரட் உருண்டைக்குள் போயிற்று. அம்மா பதிவேட்டில் ‘வேகவைத்த கேரட் தின்றது, பச்சைக் கேரட் தின்னவில்லை’ என்று இரண்டையும் எழுதினாள். புது ஹெட் கிளார்க் விளக்கம் கேட்டால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்றாள். ஆனால் கடைசிச் சொல்லை மட்டும் எழுதவில்லை. ‘நீர் மாற்றினேன்’ என்பதோடு நிறுத்திவிடுவாள்.

தினமும் சாயங்காலம் அவள் வரியைச் சொல்லச் சொல்ல நான் சேர்த்துக்கொண்டே வந்தேன். வகுப்பில் சார் என் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார். “தவிடு ரெண்டு தடவ வந்திருக்கு பாருங்க. கமாவ எடுத்துட்டுத்தான் எண்ணணும்.” அவர் சொன்னது சரிதான். கமாவை எடுக்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில் இருக்கும் ப்ரோக்ராமில் மட்டும் எடுக்கவில்லை. “இது எந்தப் பதிவேட்டு வரி?” என்று அவர் கேட்டபோது, “எங்கம்மா நீர்யானையப் பாத்துக்கறாங்க சார்” என்றேன். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் பேச்சை மாற்றவில்லை.

நீர்யானை முந்நூற்றைத் தாண்டியது. குளம் அறுநூற்றைத் தாண்டியது. நலம். மட்டும் 290லேயே நின்றது. ஒரு சொல் நகராமல் நிற்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் ஓட்டும்போது முதலில் அதைத்தான் தேடுவேன்.

பத்தொன்பதாம் நாள் அம்மா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பச்சக் கேரட்டு. நுனிகூட நறுக்கல. வெளிய ரோட்டுக்குக் கேட்டிருக்கும்டி, அப்படிக் கடிச்சா” என்றாள். “எழுதிக்கோ.”

வழக்கமான வரியைச் சொன்னாள். கடைசியில் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னாள். நான் அடித்து ஓட்டினேன். அம்மா என் தோளில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். குளத்து வாசனை அடித்தது.

நலம். 291